இரண்டு மணி நேரம்

இலக்கிய வாசகர்களுக்குச் சிமெண்டைப் பற்றி எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் சாலைப் பணியில் எங்களைப் பெரிதும் ஆட்டிவைத்தது கடிகாரமே என்பதை எங்கேனும் பதிவுசெய்யத் தோன்றுகிறது.

மண்ணோடு சிறிதளவு சிமெண்டையும் நீரையும் கலந்து, உருளையால் கெட்டித்துச் சாலையின் அடித்தளமாக்கும் முறை பழையது. 1935இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஜான்சன்வில் என்ற சிற்றூரின் அருகே இதை முறையாகச் சோதித்து அமைத்தார்கள். அதற்கு இரண்டாண்டு முன்னர், 1933இல், ப்ராக்டர் என்ற பொறியாளர் ஈரத்துக்கும் அடர்த்திக்குமான உறவை விளக்கியிருந்தார். குறிப்பிட்ட ஓர் ஈரப்பதத்தில்தான் மண் தன் உச்ச அடர்த்தியை எய்தும். வெறும் மண்ணென்றால் இன்று முடியாததை நாளை நீர் தெளித்து உருட்டிக்கொள்ளலாம். சிமெண்ட் சேர்ந்த மண் காத்திராது. நீர் பட்டவுடனே வினை தொடங்கிவிடுகிறது. துகள்கள் ஒன்றையொன்று பற்றிக் கட்டிகளாகின்றன, ஈரமும் வற்றுகிறது. தாமதித்து வரும் உருளையின் வலுவில் ஒரு பங்கு அந்தப் பிணைப்புகளை உடைப்பதிலேயே கழிகிறது. உடைந்தவை முன்போல் கூடுவதுமில்லை. ஆகவேதான் கலந்த இரண்டு மணி நேரத்துக்குள் கெட்டித்து முடிக்க வேண்டும் என்று பொதுவாக விதிக்கிறார்கள். வெயில் காலத்தில் அதுவும் அதிகம்.

ஒரு சித்திரை மாதப் பிற்பகலில் உருளையின் எண்ணெய்க் குழாய் வெடித்தது. மாற்று உருளை வந்தபோது மூன்றரை மணி நேரம் கடந்திருந்தது. பார்வைக்கு மண்ணில் ஒரு வேறுபாடும் இல்லை.

"கொஞ்சம் தண்ணி அடிச்சு ரெண்டு தடவ கூட ஓட்டிட்டா சரியாயிடும் சார்" என்றார் மேஸ்திரி. அவர் பேச்சில் சூது இல்லை. அவர் பழகியது சுண்ணாம்பில். களிமண்ணில் சுண்ணாம்பைக் கலந்து ஒரு நாள் ஊறவிட்டால் மண் பொலபொலவென்றாகி நன்றாகவே படியும். காத்திருப்பது அங்கே நன்மை. இதை அவரிடம் விளக்குவதைவிட, சிறு பகுதியை உருட்டவிட்டு, குழி தோண்டி மணல் நிரப்பி அடர்த்தியை அளந்து காட்டினோம். தேவைக்குக் குறைவாகவே வந்தது. அவரே குனிந்து குழியின் விளிம்பை விரலால் கிள்ளிப் பார்த்தார். கட்டி கட்டியாகப் பெயர்ந்தது.

அடுக்கு முழுவதையும் அகற்றச் சொன்னோம். ஒப்பந்ததாரர் அந்த நட்டத்தைக் கூலியில் கழிக்கப் பார்த்தார். பழுதானது எந்திரம், ஆட்கள் காத்திருந்தார்கள் என்று நேரம் குறித்துப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டோம். அன்றிரவு கூலி முழுதாகக் கிடைத்தது. ஒப்பந்ததாரர் பல நாள் எங்களோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் முதல் இருநூறு மீட்டரை ஒரே மூச்சில் கலப்பதை விட்டு, எழுபது எழுபதாகக் கலந்தோம்.