வெட்கம் வளர்க்கும் நோய்



மத்ரஸாவில் பாடம் முடிந்ததும் சிலர் என்னிடம் மஸ்அலா கேட்க வருவதுண்டு. "மவ்லவி, வீட்டில் உள்ளவவுக்கு உடுப்பில் அடிக்கடி சீழ் படுகிறது, எப்படித் தொழுவது?" என்று மெல்லக் கேட்பார்கள். கசிவு ஓயாதிருப்பவர் நேரம் வந்தபின் சுத்தம் செய்து, துணி வைத்துக் கட்டி, ஒவ்வொரு பர்ழுக்கும் வுழூச் செய்து தொழலாம் என்பேன். பிறகு, "டொக்டரிடம் காட்டினீர்களா?" என்று நான் கேட்பேன். அநேகமாகப் பதில் வராது.

அந்தச் சலுகை தொழுகைக்குரியது. நோயை ஒளித்து வைப்பதற்குரியதல்ல.

என் உறவுக்கார மாமி ஒருவர் மூலம் என்று எண்ணி ஏழு வருடம் நாட்டு மருந்து பூசினார். அது மூலமல்ல, பவுத்திரம். மலவாயின் உட்புறத்திலுள்ள சிறு சுரப்பி ஒன்று அடைபட்டுச் சீழ் கட்டும். கட்டி உடைந்தபின், உள்ளிருந்து வெளித்தோல் வரை குழாய் போல ஒரு வழி எஞ்சிவிடும். மேல்தோல் மூடினாலும் உள்ளே சீழ் சேர்ந்து மறுபடி உடையும். களிம்பும் மாத்திரையும் அந்த வழியை மூடுவது அரிது. ஆயிரம் வருடங்களுக்கு முன்னரே அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி இதன் சத்திர சிகிச்சை பற்றித் தமது நூலில் எழுதினார். பிரான்ஸ் மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686இல் இதற்காகவே ஒபரேஷன் நடந்தது. அரசருக்கும் வந்த நோய்க்கு நாம் ஏன் நாண வேண்டும்?

சிகிச்சை ஒன்றல்ல. அந்த வழி, மலத்தை அடக்கும் தசையை எவ்வளவு ஊடுருவுகிறது என்பதைப் பொறுத்தே டொக்டர் முடிவு செய்வார். சிக்கலானதென்றால் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பார்கள்.

தசையைச் சிறிதளவே தொடும் வழியென்றால் அதை நீளமாகத் திறந்து விடுவார்கள். 90 வீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குணமாகும். புண்ணைத் தைக்க மாட்டார்கள். அது அடியிலிருந்து ஆறி வரச் சில வாரங்கள் செல்லும், பயப்பட வேண்டாம்.

ஆழமான வழியென்றால் அதனூடே நூலொன்றைக் கோர்த்து விடுவார்கள். சீழ் வடிந்து வீக்கம் அடங்க, நூல் மாதக்கணக்கில் இருக்கலாம். பெரும்பாலும் அது அடுத்த ஒபரேஷனுக்கான ஆயத்தமே. ஆயுர்வேதத்தின் க்ஷார சூத்திரம் வேறு. அது மருந்தூட்டிய நூல். அவ்வப்போது மாற்றப்பட்டு, வழியை மெல்ல மெல்ல அறுத்து வரும்.

தசையை வெட்டாத முறைகளும் உண்டு. உட்துவாரத்தை மென்சவ்வால் மூடுவது ஒன்று. தசைகளுக்கிடையே வழியைக் கட்டி அறுக்கும், 2007இல் தாய்லாந்து வைத்தியர்கள் வெளியிட்ட முறை மற்றொன்று. இவற்றில் பத்துப் பேரில் ஆறேழு பேருக்கு குணம் கிடைக்கிறது. பசை ஊற்றுவதும் அடைப்பு வைப்பதும் அதைவிடக் குறைந்த பலனே தரும். ஆயினும் அடக்கும் சக்திக்கு ஆபத்துக் குறைவு.

சகோதரிகளே, இங்கேதான் உங்கள் கவனம் வேண்டும். பெண்களுக்கு முன்பக்கத் தசை குட்டையானது. பிரசவத்தில் கிழிந்திருந்தால் இன்னும் பலவீனமாயிருக்கும். அங்கே அதிகம் வெட்டினால் காற்றையும் மலத்தையும் அடக்க முடியாமற் போகலாம். ஆகவே பிரசவத்தில் கிழிந்து தைத்ததை, ஆயுதம் போட்டுப் பிள்ளை எடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள். நாட்பட்ட வயிற்றோட்டம், மெலிவு, காசநோய் இருந்தாலும் சொல்லுங்கள். இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: "திரும்ப வருமா? அடக்கும் சக்தி குறையுமா?" முழுக் குணத்துக்கும் அடக்கும் சக்திக்கும் இடையிலான நிறுவைதான் இந்த வைத்தியம். அதை அறிந்து சம்மதிப்பது உங்கள் உரிமை.

பெண் டொக்டரைக் கேட்கலாம். கிடைக்காவிட்டால் தாதியைப் பக்கத்தில் நிற்கச் சொல்லலாம். வீடு வந்தபின் இளஞ்சூடான நீரில் உட்காருதல், கீரை, பழம், நிறையத் தண்ணீர் ஆகியவை புண்ணுக்கு உதவும். காய்ச்சலோடு வீக்கமும் வலியும் வந்தால், விசேஷமாகச் சீனி வருத்தம் உள்ளவர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி போங்கள்.

மாமிக்கு முதலில் நூல், பின்னர் ஒபரேஷன். இரண்டாவது முறையில்தான் புண் ஆறியது. அடக்கும் சக்திக்குக் குறைவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஏழு வருட வேதனையில் பெரும்பகுதி வெட்கம் தந்ததே. உங்கள் வீட்டில் யாராவது உட்காரச் சிரமப்படுகிறாரா? கேட்டுப் பாருங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிபாவைத் தருவானாக!