மீன் தொட்டிக்கு வந்த புதிய காவலன்

மலைநாட்டில் குடியிருப்போரிடம் விருந்தினர் கேட்கும் கேள்விகள் பல. அவற்றுள் நாம் மிகுதியும் கேட்டது, "மீனுக்குமா ஹீட்டர்?" என்பதே. கொழும்பிலிருந்து வரும் உறவினர் எவரும் நமது ஹட்டன் வீட்டு முன்னறைக் கண்ணாடித் தொட்டியைக் கண்டு இதனைக் கேளாது போனதில்லை. அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் ஊரில் தொட்டியின்மேல் மின்விசிறி வைத்து நீரைக் குளிரச் செய்வார்கள். அங்கிருந்து ஐந்தாறு மணி நேரம் புகையிரதத்தில் மலையேறி வந்தால், அதே மீனுக்கு நாம் நீரைச் சூடாக்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஜனவரி இரவுகளில் வீட்டினுள் இருக்கும் நீரே 16 பாகைக்கு இறங்கியதை நமது வெப்பமானி காட்டியிருக்கிறது.

நமது தொட்டியில் வாழ்பவை செரி பார்ப் எனப்படும் சிறு மீன்கள். சிங்கள மக்கள் 'லே தித்தயா' என்பார்கள். 1929ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல அவர்கள் இம்மீனுக்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, மக்கள் வழங்கிய அந்தச் சொல்லையே 'புன்டியஸ் தித்தெய்யா' என்று எடுத்துக்கொண்டார். ஆண் மீன் இனப்பெருக்கக் காலத்தில் குங்குமமாய்ச் சிவந்துவிடும். களனி கங்கை முதல் நில்வளா கங்கை வரையுள்ள தென்மேற்குத் தாழ்நிலத்தில், நிழல் அடர்ந்த சிற்றோடைகளே அதன் தாயகம். களனியோ நம் மலையில் பிறப்பது. மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் கூடியே களனி கங்கையாகின்றன. ஆற்றின் தலைப்பு நம்முடையது. மீன் மட்டும் அடிவாரத்தது. அதற்கு 23 முதல் 27 பாகை வரை வெப்பம் வேண்டும்.

1880களில் இங்கிருந்த வெள்ளைக்காரத் துரைமார் இதற்கு நேர்மாறாகச் செய்தனர். தங்கள் நாட்டுக் குளிர்நீர் மீனாகிய ட்ரவுட்டின் முட்டைகளைக் கப்பலில் வருவித்து நுவரெலியா ஓடைகளில் விட்டனர். அவர்கள் குளிருக்கேற்ற மீனைக் கொணர்ந்தார்கள். நாம் மீனுக்கேற்ற வெப்பத்தை உண்டாக்கிக் கொண்டிருக்கிறோம்.

இதுகாறும் அந்த வேலையைச் செய்துவந்தது கண்ணாடிக் குழாய்க்குள் அடங்கிய பழைய ஹீட்டர். அதன் தலைப்பகுதியில் இரு வேறு உலோகங்களை ஒட்டிய ஒரு மெல்லிய தகடு இருக்கும். சூடேறும்போது ஒன்று மிகுதியாகவும் மற்றது குறைவாகவும் நீள்வதால் தகடு வளையும். வளைந்ததும் மின்தொடர்பு விலகும். ஆண்ட்ரூ யூர் என்னும் ஸ்கொட்லாந்து இரசாயன அறிஞர் 1830இல் இவ்வகைச் சாதனத்துக்குக் காப்புரிமை பெற்றுத் 'தெர்மோஸ்டாட்' என்று பெயரிட்டார். நெசவாலைகளின் வெப்பத்தை ஒழுங்குசெய்வதே அவர் நோக்கம். எளிய, நல்ல யுக்திதான். ஆனால் தகடு மெல்ல மெல்ல விலகுவதால் தொடுமுனைகளுக்கிடையே சிறு தீப்பொறி எழும். ஆண்டுகள் செல்லச் செல்ல முனைகள் அரிபட்டு, ஒரு நாள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பின்னர் ஹீட்டருக்கு ஓய்வென்பதே இல்லை.

நமது வீட்டில் அந்த ஒரு நாள் வந்தது. நாம் ஒரு திருமணத்துக்காக நுவரெலியாவில் தங்கியிருந்த இரவு அது. விடியற்காலையில் அம்மா எழுந்து பார்த்தபோது மீன்கள் நீர்மட்டத்தில் வாய் திறந்து தவித்துக் கொண்டிருந்தனவாம். நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள ஒட்சிசன் குறையும்; மீனின் தேவையோ கூடும். அம்மா கண்ணாடியில் கை வைத்தார். உடனே பிளக்கைப் பிடுங்கினார். வெப்பமானியில் 34 பாகை. பதினான்கு மீன்களில் மூன்றே பிழைத்தன. தன் சேமிப்பில் அவற்றை வாங்கி வளர்த்த நமது மகள் ஒரு வாரம் அத்தொட்டியின் பக்கமே திரும்பவில்லை. அது காலியாகவே இருக்கட்டும் என்றாள்.

கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தோம். நமது தொட்டியில் நூறு லீற்றர் நீர். அதை ஒரு பாகை உயர்த்த 150 வாற்று ஹீட்டருக்கு ஏறத்தாழ முக்கால் மணி நேரம் போதும். கேடு மெதுவாகத்தான் வருகிறது; இடையில் எவரேனும் தடுத்திருந்தால் நேரம் இருந்தது. உறங்காத ஒரு காவலன் இல்லாமையே குறை. ஆகவே, சில ஆயிரம் ரூபா விலையில் கடைகளில் கிடைக்கும் மின்னணுக் கட்டுப்படுத்தி ஒன்றும், புதிய ஹீட்டரும் வாங்குவதென்று முடிவு செய்தோம்.

அம்மா இதனை விரும்பவில்லை. தோட்டத்து ஸ்டோரில், கொழுந்து வாட்டும் மேல்மாடியில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர் அவர். வாடிய கொழுந்தை ஒரு பிடி எடுத்து இறுக்கி, கையை விரித்ததும் அது உதிர்கிறதா, உருண்டையாக நிற்கிறதா என்று பார்த்தே பதம் சொல்வார். "கொழுந்து வாடிருச்சான்னு இந்தக் கைதான் சொல்லிச்சு. தண்ணி சுடுதான்னு சொல்லாதா?" என்றார். மூன்று மீன்களைக் காத்ததும் அந்தக் கையே ஆதலின் நமக்கு மறுமொழி இல்லை. சற்று நேரம் கழித்து, "லயத்துல எங்களுக்கு லைட்டு வர எத்தனை வருசம் ஆச்சு தெரியுமாய்யா?" என்றும் கேட்டார். அதற்கும் மறுமொழி இல்லை. காசல்ரியும் மவுசாக்கலையும் இதே இரு ஓயாக்களை மறித்து எழுந்த நீர்த்தேக்கங்கள். அவற்றின் மின்சாரம் நாடெங்கும் ஓடிய காலத்தில், அக்கரைகளில் இருந்த லயங்கள் பலவற்றில் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது.

புதிய கருவியின் அமைப்பு வேறு. அதன் உணர்முனை நீருக்குள் தொங்கும் ஒரு சிறு குமிழ். வெப்பம் கூடக்கூட அதன் மின்தடை குறையும். 25 பாகையில் அது 10,000 ஓம். கருவி அதனை அளந்து எண்ணாக்கிக் காட்டுகிறது. குறித்த அளவு வந்ததும் 'டக்' என்ற ஓசையோடு ரிலே ஒரே வெட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கிறது. முனைகள் தயங்கித் தயங்கி விலகும் பேச்சே இல்லை. நாம் 25.5 என்று வைத்து, அரைப் பாகை இடைவெளி கொடுத்தோம். இடைவெளி இல்லாவிடில் ரிலே நிமிடத்துக்கு நிமிடம் துடித்துத் தேய்ந்து போகும்.

கருவி சொல்வது மெய்தானா என்று சோதிக்க வேண்டுமல்லவா? நொறுக்கிய பனிக்கட்டியும் நீரும் கலந்த குவளையில் குமிழை வைத்தால் பூச்சியம் காட்ட வேண்டும். நமது கருவி 0.6 காட்டியது, அதற்குரிய திருத்தத்தைச் செய்தோம். கொதிநீரில் நூறு காட்டுகிறதா என்று பார்க்கலாமே என மாணவர்கள் எண்ணக்கூடும். ஹட்டனில் அது பயன்படாது. இவ்வுயரத்தில் காற்றழுத்தம் குறைவாகையால் நீர் ஏறத்தாழ 96 பாகையிலேயே கொதித்துவிடும். இதை நமக்கு எடுத்துரைத்தவள் மகள். தொட்டியின் பக்கம் அவள் மறுபடி வந்தது அன்றுதான். குமிழைத் துடைத்து, "அப்பாயி, கையை மூடுங்க" என்று பாட்டியின் உள்ளங்கையில் வைத்தாள். எண் ஏறி ஏறி 31.8இல் நின்றது. தம் கைக்கும் ஓர் எண் உண்டென்று கண்ட அம்மா வாய்விட்டுச் சிரித்தார்.

புதியது வந்ததும் பழையதை அடியோடு நம்பாது விடுவோர் உளர். அது நமக்கு உடன்பாடன்று. ரிலேயும் ஒரு நாள் ஒட்டிக்கொள்ளலாம். அதைவிட, குமிழ் தவறி நீருக்கு வெளியே விழுந்தால் கருவி அறையின் குளிரை நீரின் குளிரென்று எண்ணி ஹீட்டரை ஓயாது எரியவிடும். எனவே புதிய ஹீட்டரினுள் உள்ள இரட்டை உலோகத் தெர்மோஸ்டாட்டை 28 பாகையில் வைத்து, அந்த ஹீட்டரையே கட்டுப்படுத்தியில் மாட்டினோம். கருவி பிழைத்தால் யூரின் தகடு காக்கும். தகடு ஒட்டினால் கருவி காக்கும். மேல்நாடுகளில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் பயன்படுத்தும் ஏப்பெக்ஸ் போன்ற பெரிய கட்டுப்படுத்திகள் கைத்தொலைபேசிக்கே செய்தி அனுப்பும். அவற்றில் நாம் மெச்சுவது வேறொன்று: தலைமைக் கருவி பேச்சற்றுப் போனால் ஒவ்வொரு மின்வாயிலும் என்ன செய்ய வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைக்கலாம்.

மின்வெட்டுக்கு முன் எந்தக் கருவியும் செயலற்றதே. 2022 மார்ச் 31இல் பதின்மூன்று மணி நேரம் இருளில் இருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால் நாடே இருண்டதென்று அமைச்சர் கூறக் கேட்டோம். அனுமன் இலங்கையில் பழைய பழக்கத்தை விடவில்லை போலும். அத்தகைய வேளைகளில் தொட்டிக்குக் கம்பளி போர்த்துவது அம்மாவின் பொறுப்பு. நூறு லீற்றர் நீர் விரைவில் ஆறிவிடாது. உண்மையான அபாயம் வடிகட்டி நிற்பதுதான். மீனின் கழிவை மாற்றும் நற்கிருமிகள் காற்றின்றி மடியத் தொடங்கும். கட்டுப்படுத்தி அதனை அறியாது. அதன் உலகம் அந்தக் குமிழின் நுனியளவே.

இப்போது பழைய மூன்றுடன் புதிதாக எட்டு மீன்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் ஓர் ஆண் சிவக்கத் தொடங்கியிருக்கிறது. அம்மா காலையில் முதலில் கண்ணாடியில் கை வைத்து, பிறகே எண்ணைப் பார்க்கிறார். அடுத்ததாகப் பற்றரியில் இயங்கும் காற்றுப் பம்பு ஒன்று வாங்க வேண்டும். அதற்கு அவருடைய இசைவு இன்னும் கிடைக்கவில்லை.