க்டான்ஸ்கில் ஒரு பால் பார்!

'பார்' என்று போர்டைப் பார்த்ததும் உற்சாகமாக உள்ளே நுழைந்துவிடாதீர்கள். போலந்தின் துறைமுக நகரமான க்டான்ஸ்கில் நான் அப்படித்தான் நுழைந்தேன். அது 'பார் ம்லெச்னி'. அதாவது, பால் பார்! பீர் கிடையாது, விஸ்கி கிடையாது. அரசாங்க மானியத்தில் நடக்கிற சாப்பாட்டுக் கடை. கவுன்ட்டரில் காசு கட்டி, டிரேயை நாமே தூக்கி வந்து, சாப்பிட்ட தட்டையும் நாமேதான் கொண்டுபோய் வைக்க வேண்டும். நான் மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்ததற்கு ஒரு பாட்டி முறைத்தாரே, ஒரு முறை!

பியெரோகி வாங்கினேன். பார்வைக்கு அசல் சோமாசி. ஆனால் எண்ணெய் இல்லை, தண்ணீரில் வேகவைத்தது. உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும், மேலே வதக்கிய வெங்காயம். சைவ அன்பர்கள் 'ருஸ்கியே' என்று கேட்கலாம். சில இடங்களில் மேலே பன்றிக்கொழுப்பு போடுவார்கள், முதலிலேயே 'வேணாம்'னு சொல்லிடுங்க. அப்புறம் ஜூரெக். ரை மாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் சூப், அதில் அவித்த முட்டை, ஸாஸேஜ். நீராகாரப் பிரியர்களுக்கு நிச்சயம் பிடிக்கும்.

வயிறு நிறைந்ததும் ஊர் சுற்றல். 1633-ல் வைத்த நெப்டியூன் நீரூற்று, இரண்டு பக்கமும் கேக் மாதிரி கலர் கலராக வீடுகள். எல்லாம் நானூறு வருஷப் பழசு என்று வாயைப் பிளந்தால்... இல்லை! 1945-ல் ஊரே தரைமட்டம். பிறகு பழைய மாதிரியே திருப்பிக் கட்டியிருக்கிறார்கள். மரியாட்ஸ்கா தெருவில் ஆம்பர் நகைக் கடைகள். அசல் ஆம்பர் உப்புத் தண்ணீரில் மிதக்குமாம். கடைக்காரரிடம் உப்பு கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை, வாங்கவும் இல்லை.

ஆற்றங்கரையில் 'ஜுராவ்' என்ற பிரம்மாண்டமான மரக் கிரேன். 15-ம் நூற்றாண்டுச் சரக்கு. இதுவும் 1945-ல் எரிந்து, மறுபடி எழுந்ததுதான். மின்சாரமா, நீராவியா? ஆட்கள்தான்! பெரிய சக்கரத்துக்குள் ஆட்கள் நடந்துகொண்டே இருப்பார்கள், மூட்டை மேலே போகும்.

இன்னொரு கிரேனும் இந்த ஊரில் பிரசித்தம். அதை ஓட்டியவர் அன்னா வாலென்டினோவிச் என்ற பெண்மணி, கப்பல் கட்டும் தளத்தில். ரிடையராக இன்னும் ஐந்தே மாதம். 1980 ஆகஸ்டில் சீட்டைக் கிழித்துவிட்டார்கள். ஏற்கெனவே இறைச்சி விலையை ஏற்றிய கடுப்பில் இருந்த தொழிலாளர்கள் 14-ம் தேதி வேலையை நிறுத்தினார்கள். முன்பே வேலையிழந்திருந்த எலெக்ட்ரீஷியன் லெக் வலேசா தலைமைக்கு வந்தார். இரண்டே நாளில் 'சம்பளம் கூட்டுகிறோம்' என்றது நிர்வாகம். பலர் வீட்டுக்குக் கிளம்ப, கேட்டில் மறித்து நிறுத்தியவர்களில் அன்னாவும் ஒருவர். மற்ற ஆலைக்காரர்களை அம்போவென்று விடலாமா என்பது அவர் கேள்வி. ஆகஸ்ட் 31-ல் அரசாங்கமே இறங்கி வந்து கையெழுத்துப் போட்டது.

அந்த 21 கோரிக்கைகளையும் எழுதிய பலகைகளை மியூசியத்தில் பார்த்தேன். பத்தாவது, உள்ளூருக்கு ஒழுங்காகச் சாப்பாட்டுப் பொருள் வேண்டும். கடைசிக் கோரிக்கையைப் படித்ததும் எனக்கு ஒரு சல்யூட் அடிக்கத் தோன்றியது: 'சனிக்கிழமை லீவு!'

வெளியே வந்ததும் மறுபடி பசி. அதே பால் பார். இந்தத் தடவை தட்டை நானே கொண்டுபோய் வைத்தேன். பாட்டி இல்லை.