கயத்தாறு தாண்டியதும்

காரின் குளிர்சாதனம் பழுதான கதையை இங்கே எழுதலாமா என்று எங்களுக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. வீட்டில் நாங்கள் இருவர்; ஒருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் வங்கியில் கணக்குப் பார்ப்பவர். சொல்லையும் எண்ணையும் வைத்துப் பிழைக்கும் எங்கள் இருவருக்கும் ஒரு வாக்கியத்தைச் சரியாகச் சொல்லத் தெரியாமல் போனதுதான் இக்கதையின் சாரம் என்பதால் எழுதத் துணிந்தோம்.

அம்மாவுக்கு இதயம் பலவீனம். மாதம் ஒருமுறை பாளையங்கோட்டையிலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். ஏறத்தாழ 160 கிலோமீட்டர். நாளொன்றுக்கு ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்பது மருத்துவரின் கட்டளை. காபி, மோர், ரசம் எல்லாம் அந்த ஒரு லிட்டருக்குள் அடக்கம். வெயிலில் நாம் செய்யும் முதல் காரியம் தண்ணீர் குடிப்பது. அதைச் செய்ய இயலாத ஒருவரை அக்கினி நட்சத்திர நாட்களில் நான்குவழிச் சாலையில் கொண்டுபோவது எப்படி என்பதை அனுபவித்தவர்களே அறிவார்கள். பதினோரு வயதான எங்கள் சிறிய காரில் குளிர்சாதனம் சொகுசுப் பொருளாக இருந்த காலம் அத்தோடு முடிந்துவிட்டது.

2023 ஏப்ரலில் கம்ப்ரசர் கடகடவென்று ஓசையிட்டு இறுகி நின்றது. அதற்கு முந்தைய மூன்று கோடைகளிலும் குளிர் குறையும்போதெல்லாம் கேஸ் நிரப்பிக்கொண்டு வந்திருந்தோம். வழக்கமாகப் போகும் பட்டறையில் புதிய கம்ப்ரசர் மாட்டச் சொன்னார்கள். 16,500 ரூபாய். பழையதைக் கழற்றிய அன்று மாலை கோடை மழை. புதியது மறுநாள்தான் வந்து சேர்ந்தது. இரவு முழுவதும் கழற்றிய குழாய்களின் வாய்கள் திறந்தே கிடந்ததை நாங்கள் கண்ணால் கண்டோம். ஒன்றும் தோன்றவில்லை.

மே மாதப் பயணத்தில் கயத்தாறு சுங்கச்சாவடி வரை பனிபோலக் குளிர்ந்தது. தாண்டிய சிறிது நேரத்தில் அனல் வீசத் தொடங்கியது. கண்ணாடிகளை இறக்கினால் வெளிக்காற்று அதைவிடக் கொடுமை. கோவில்பட்டியில் ஒரு புளியமரத்து நிழலில் நிறுத்தித் தேநீர் அருந்தினோம். அம்மாவுக்கு அளந்து அரை டம்ளர். மீண்டும் புறப்பட்டபோது பழையபடி குளிர் வந்தது. மனம் நிறைந்து பாராட்டிக்கொண்டிருக்கும்போதே சாத்தூருக்கு முன்னால் மறுபடி போயிற்று. (சாத்தூர் சேவும் அம்மாவுக்கு விலக்கு. உப்பு.) மதுரை சேர்ந்தபோது அம்மாவின் உதடுகள் வெடித்திருந்தன. மூச்சு வாங்கியது. ஈரத் துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தோமே தவிர, ஒரு வாய் கூடுதலாகத் தண்ணீர் கொடுக்க எங்களுக்குத் துணிவில்லை.

பட்டறைக்குத் திரும்பினோம். வீட்டிலிருந்து பட்டறைக்குப் பத்து நிமிடம். ஆகவே அங்கே போய் நிற்கும்போது கார் நன்றாகக் குளிர்ந்தது. அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார்கள். இரு முட்களும் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. "ஒரு குறையும் இல்ல சார், வெயில் அப்படி" என்றார்கள். இரண்டாம் முறையும் அதே விடை. மூன்றாம் முறை, ஐயமிருந்தால் இன்னும் விலை கூடிய கம்ப்ரசர் மாட்டிப் பார்க்கலாம் என்று ஒரு யோசனை சொன்னார்கள். பல்வலிக்காரனுக்கு மருத்துவர் வீட்டு வாசலில் வலி நின்றுவிடுமாம். எங்கள் நிலை அதுதான். எங்களையே நாங்கள் சந்தேகிக்கத் தொடங்கினோம்.

நண்பர் ஒருவர், கார் ஏசி வேலை மட்டும் செய்யும் ஒருவரிடம் அனுப்பினார். மருத்துவமனைக்கு எதற்கோ போய்த் திரும்பும் வழி என்பதால் அம்மாவும் பின்னிருக்கையில் இருந்தார். "ஏசி பாதியில் நின்றுவிடுகிறது" என்று, பட்டறையில் மும்முறை சொன்ன அதே வாக்கியத்தைச் சொன்னோம். அவர் கேட்டார்: "எது நிக்குது சார்? காத்தா, குளிரா?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். விடை பின்னிருக்கையிலிருந்து வந்தது.

"காத்து அப்படியேதான் வருது தம்பி. குளிர்ச்சிதான் போயிருது. டீ குடிக்க நிறுத்தினா அதுக்கும் தெளிஞ்சிருது."

"ஆச்சி சொல்லிட்டாங்க. இனி நான் பாத்தா போதும்" என்றார் அவர்.

அந்தக் கேள்வியின் அருமையை அவர் விளக்கியபின்தான் உணர்ந்தோம். உள்ளே இருக்கும் கூலிங் காயிலின் மேல் பனி படிந்து அடைத்துக்கொண்டால் காற்றின் வழியே மூடிப்போகும். வீச்சு படிப்படியாகக் குறையும். காற்று குறையாமல் குளிர் மட்டும் மறைந்து, சற்று ஓய்வு கொடுத்தால் திரும்பி வருமானால், பெரும்பாலும் பனி உறைவது வேறோர் இடத்தில். திரவக் கேஸை மிக நுண்ணிய துளை வழியாகச் சீறவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வு என்ற சிறு பொருள் உண்டு. கேஸோடு ஈரம் கலந்திருந்தால், அந்தத் துளையின் வாயில் அது பனிக்கட்டியாகி வழியை அடைத்துவிடும். வண்டியை நிறுத்தினால் உருகிவிடும். பட்டறைக்குப் போய்ச் சேரும் பத்து நிமிடத்தில் அது எப்படி உறையும்?

அவர் அழுத்தமானியை மாட்டிவிட்டு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தாழ் அழுத்தம் 35, உயர் அழுத்தம் 220. குறை சொல்ல இயலாத எண்கள். அரை மணி நேரம் ஒன்றும் நிகழவில்லை. அவரும் எழுந்திருக்கவில்லை. பிறகு தாழ் அழுத்த முள் மெல்ல இறங்கியது. இருபது, பத்து, பூச்சியம், அதற்கும் கீழே. உள்ளே காற்று அதே வேகத்தில், சூடாக. அவர் வெந்நீரில் நனைத்த துணியொன்றை வால்வின் மேல் சுற்றினார். சிறிது நேரத்தில் முள் துள்ளி எழுந்து பழைய இடத்துக்கு வந்தது. மூன்று முறை நாங்கள் சொல்லி நம்பப்படாத ஒன்றை அந்த முள் சொல்லிக் காட்டியபோது எங்களுக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி சற்று அற்பமானதுதான்.

ஈரம் எப்படி வந்தது? மழையிரவில் திறந்து கிடந்த குழாய்கள். ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே டிரையர் என்ற சிறு குப்பி உண்டு. குழாய்களைத் திறந்து வேலை செய்யும்போது அதையும் மாற்றிவிட வேண்டுமாம். மாற்றப்படவில்லை. அதன் விலை 900 ரூபாய். வேக்கம் பம்பும் போதிய நேரம் ஓடியிருக்காது என்றார். குழாய்க்குள் வெற்றிடத்தை நெருங்கினால்தான் ஒட்டியிருக்கும் நீர் சாதாரண வெப்பத்திலேயே கொதித்து ஆவியாகி வெளியேறும். அதற்குப் பொறுமை வேண்டும்.

பட்டறைக்காரர்களைத் திட்ட வாயெடுத்தபோது அவர் கண்டென்சர் குழாயின் இணைப்பில் விரலை வைத்துக் காட்டினார். எண்ணெய் கசிந்து, அதில் புழுதி ஒட்டி, கருத்த கறை. கேஸ் கசியும்போது கம்ப்ரசருக்கு உயவிடும் எண்ணெயும் அதனுடன் சேர்ந்து கசிகிறது. மூன்று கோடைகளிலும் கேஸை நிரப்பினோம்; எண்ணெயை யாரும் நினைக்கவில்லை. கம்ப்ரசர் வறண்டு செத்தது எங்கள் சிக்கனத்தால். எங்கே கசிகிறது என்று ஒரு முறையாவது கேட்டோமா என்றால், இல்லை.

எங்களில் தமிழ் நடத்துபவர் ஆண்டுதோறும் திருக்குறளின் மருந்து அதிகாரத்தை நடத்துகிறார். மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியின் அருகிருப்பவனையும் வள்ளுவர் சேர்த்திருப்பது அதன் இறுதிக் குறளில். வேளைக்கு மருந்து கொடுப்பவன் என்று பொருள் சொல்லி நகர்ந்துவிடுவது அவர் வழக்கம். இந்த ஆண்டு அந்த இடத்தில் வகுப்பு சற்று நீண்டதாகக் கேள்வி.

புதிய டிரையர், இணைப்புக்குப் புதிய ஓ-ரிங், உரிய அளவு எண்ணெய், 45 நிமிடம் வேக்கம். பிறகு பம்பை நிறுத்தி முள் அசைகிறதா என்று ஒரு மணி நேரம் காத்திருந்தார். கேஸை உத்தேசமாக ஏற்றாமல், பானட்டின் அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்து, தராசில் வைத்து 420 கிராம்.

ஜூன் மாதப் பயணத்தில் கயத்தாறு சுங்கச்சாவடி நெருங்கியதும் மூவரும் பேச்சை நிறுத்தினோம். தாண்டினோம். அம்மா காற்று வரும் வாயின்மேல் கையை வைத்துக்கொண்டே வந்தார். கோவில்பட்டியும் வந்தது. குளிர் குறையாததால் நிறுத்தாமல் போய்விடலாம் என்று வேகத்தைக் கூட்டினோம்.

"ஏன், அது தெளிஞ்சிட்டா எனக்கு டீ கிடையாதா?" என்றார் அம்மா. புளியமரத்தடியில் நிறுத்தினோம்.