ஒரு கரண்டி என்றால் எவ்வளவு?

ஊரில் மருந்துக் கணக்குப் பார்க்கும் வேலை எங்களுக்கு இருந்ததில்லை. டிஸ்பென்சரிக்கு வெறும் போத்தலைக் கொண்டுபோனால், அப்போதிக்கரி ஐயா மிக்ஸ்சரை ஊற்றி, பக்கத்தில் கடதாசித் துண்டொன்றை ஒட்டித் தருவார். அதில் வெட்டியிருக்கும் அடையாளம் ஒன்றுக்கு ஒரு வேளை. கணக்கு அவருடைய தலையில். ஜேர்மனிக்கு வந்தபின் அது எங்கள் தலையில் விழுந்திருக்கிறது. அதுவும் நடுச்சாமத்தில், பிள்ளை காய்ச்சலில் அனுங்கும்போது!

சென்ற மாரியில், புதிதாக வந்த ஒரு குடும்பத்துக்காகக் குழந்தை வைத்தியரிடம் மொழிபெயர்ப்புக்குப் போயிருந்தேன். பிள்ளையின் நிறை பத்துக் கிலோ. தாய் கைப்பையிலிருந்து இரண்டு போத்தல்களை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று கொழும்பிலிருந்து அம்மம்மா கொண்டுவந்தது. மற்றது இங்கே அப்போதேக்கவில் வாங்கி, இன்னும் திறக்காதது. இரண்டும் பரசிற்றமோல் பாணிதான்.

"அதிலை ஒரு தேக்கரண்டி குடுத்தனான். இதிலையும் அப்பிடித்தானே அக்கா?"

அப்படி இல்லை. கொழும்புப் போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் மருந்து. இங்கத்தைய போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கே 40 மில்லிகிராம். அதாவது 5 மில்லிலீற்றரில் 200. பரசிற்றமோல் ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை கொடுக்கலாம். பத்துக் கிலோப் பிள்ளைக்கு 100 முதல் 150. ஊர்ப் பாணியில் ஒரு கரண்டி சரி, இங்கத்தைய பாணியில் அதே கரண்டி கூட. ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 60 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, இந்தப் பிள்ளைக்கு 600. நாலு வேளையும் ஒரு கரண்டி கொடுத்திருந்தால் 800 ஆகியிருக்கும். கூடிய பரசிற்றமோல் ஈரலைத் தாக்கும். முதல் நாளில் பிள்ளை சாதாரணமாகவே இருக்கலாம் என்பதுதான் இதில் பயங்கரம்.

தாய்க்கு நான் தேத்தண்ணியை வைத்து விளக்கினேன். கோப்பை ஒன்றுதான், ஒருவர் ஒரு கரண்டி சீனி போடுவார், இன்னொருவர் மூன்று போடுவார். மில்லிலீற்றர் கோப்பை, மில்லிகிராம் சீனி. வைத்தியர் சொல்வது சீனியின் அளவை. அதை ஒரு மில்லிலீற்றரில் உள்ள மில்லிகிராமால் பிரித்தால் ஊற்றவேண்டிய அளவு வரும். 120 மில்லிகிராம் வேண்டுமென்றால், 120ஐ 40ஆல் பிரிக்க 3 மில்லிலீற்றர்.

இபுபுறோபன் பாணியில் வேறொரு சிக்கல். பெட்டியில் 2 வீதம், 4 வீதம் என்று போட்டிருப்பார்கள். 2 வீதம் என்றால் 100 மில்லிலீற்றரில் 2 கிராம், அதாவது மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம். 4 வீதத்தில் 40. போன முறை 2 வீதம், இந்த முறை 4 வீதம் என்றால் ஊற்றும் அளவு பாதியாக வேண்டும். பெட்டியின் படமும் நிறமும் ஒரே மாதிரி இருந்தாலும் இலக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்று, டொச்சில் தசமத்துக்குக் காற்புள்ளிதான். 2,5 என்றால் இரண்டரை. புள்ளி ஆயிரத்துக்கு: 1.000 என்றால் ஆயிரம். புள்ளியைத் தேடிப் பழகிய எங்கள் கண் 2,5ஐ இருபத்தைந்தாக வாசித்துவிடும்.

வீட்டுக் கரண்டியை அலுமாரியிலேயே வைத்துவிடுங்கள். ஒரு வீட்டுத் தேக்கரண்டி இன்னொரு வீட்டுக் கரண்டியின் அளவாக இருக்காது. போத்தலோடு வரும் சிறிஞ்சையே பாவியுங்கள். ஒன்றின் சிறிஞ்சை மற்றதுக்கு மாற்றவும் வேண்டாம். பின்பக்கமாக வைக்கும் 'ட்செப்ஷன்' குளிசையிலும் பரசிற்றமோல் இருக்கலாம். பாணியும் அதுவும் சேர்ந்தால் இரண்டும் ஒரே கணக்கு.

அன்ரிபயோற்றிக் சில வேளைகளில் தூளாக வரும். கோடு வரை தண்ணீர் விட்டுக் குலுக்கினால் நுரை எழும்பும். நுரை அடங்கியதும் மட்டம் இறங்கியிருக்கும். திரும்பவும் கோடு வரை விடவேண்டும். விடாவிட்டால் மருந்து கடுமையாகிவிடும். கேட்டால் அப்போதேக்கவிலேயே கலந்து தருவார்கள். கேட்க வெட்கப்படாதீர்கள்.

கூடக் கொடுத்துவிட்டோமோ என்று சந்தேகம் வந்தால், பெர்லின் நச்சுத் தகவல் நிலையத்தின் இலக்கம் 030 19240. இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். பிள்ளை மயங்கினாலோ மூச்சு விடக் கஷ்டப்பட்டாலோ நேரே 112. பிள்ளையின் வயது, நிறை, மருந்தின் பெயர், கொடுத்த அளவு, கொடுத்த நேரம் ஆகிய ஐந்தையும் கேட்பார்கள். டொச் தடுமாறினாலும் இவற்றை ஒரு துண்டில் எழுதிவைத்து வாசித்தால், மறுமுனையில் இருப்பவருக்கு விளங்கிவிடும்.