மாலைதீவில் மூன்று இரவுகள்: போக நினைப்பவர்களுக்கு



“ரெண்டு பேரும் டீச்சர்மார். கையில காசு சேர்ந்தா உம்றாவுக்குப் போயிருக்கலாமே?” மாலைதீவு போய்வந்த நாளிலிருந்து இந்தக் கேள்வியைப் பள்ளிவாசல் முற்றத்திலும் ஆசிரியர் அறையிலும் பலமுறை கேட்டாயிற்று. வேறு சிலர் இன்பொக்ஸில் வந்து, “எவ்வளவு முடிஞ்சது, எப்படிப் போறது?” என்கிறார்கள். இரு தரப்புக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம்.

எங்கள் உம்மா நாலு வருடம் படுக்கையில் இருந்தது ஊருக்கே தெரியும். இரவு இரண்டு மணிக்கு எழும்பி அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அந்த வேலையை ஒரு நாளும் முகம் சுளிக்காமல் செய்தவர் எங்கள் வீட்டு டீச்சர். காலையில் அவரே சேலையை உடுத்திக்கொண்டு பாடசாலைக்கும் போவார். உம்மா வஃபாத்தாகி ஆறு மாதம் போன பிறகும் இரண்டு மணிக்கு அவருக்கு விழிப்பு வந்துவிடும். “என்ன வேணும், சொல்லுங்க” என்று கேட்டபோது, “ஒண்டும் வேணாம். நல்லா நித்திரை கொள்ளோணும்” என்றார். வீட்டில் அது நடக்காது. கேற்றைத் தட்ட ஆள் வந்துகொண்டே இருக்கும். அதனால்தான் சத்தமில்லாத ஒரு தீவைத் தேடினோம்.

மாலைதீவு என்றால் தண்ணீருக்கு மேல் கட்டிய அறையும் கடல் விமானமும்தான் நம் நினைவுக்கு வரும். 1972 இல் அங்கே முதல் ரிசோர்ட் திறந்தது. அதன் பிறகு நீண்ட காலம் ஒரு தீவு, ஒரு ரிசோர்ட் என்ற முறையில்தான் சுற்றுலா நடந்தது. 2009 இற்குப் பிறகுதான் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் விடுதிகள் வரத் தொடங்கின. நம்மைப் போன்றவர்களுக்கு அதுதான் வழி. பள்ளிவாசல் பக்கத்திலேயே இருக்கும். உணவு ஹலாலா என்று விசாரிக்க வேண்டியதில்லை. நம் பெண்கள் அபாயாவோடு நடந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நாங்கள் எடுத்தது மாலேக்குத் தெற்கே உள்ள குல்ஹி என்ற சின்னத் தீவு. ஆறுதலாக நடந்தாலும் கொஞ்ச நேரத்தில் சுற்றி வந்துவிடலாம்.

இனிக் கணக்கு. இணையத்தில் காட்டும் அறை விலையை நம்பி டிக்கெட் போட்டுவிடாதீர்கள். 60 டொலர் அறை என்று வைப்போம். சேவைக் கட்டணம் 10 வீதம் சேர்ந்தால் 66. அதற்கு மேல் சுற்றுலா வரி. 2025 ஜூலை முதல் அது 17 வீதம். இப்போது 77 தாண்டிவிட்டது. பிறகு பசுமை வரி. 2025 ஜனவரி முதல் சிறு விடுதிகளில் ஓர் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 டொலர், ரிசோர்ட்டில் 12 டொலர். இரண்டு பேருக்கு 12 சேர்த்தால் 60 டொலர் அறை 89 டொலருக்கு வந்து நிற்கும். “வரி எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?” என்று விடுதிக்கு எழுதிக் கேளுங்கள். படகுக் கட்டணத்தையும் அதோடு கேளுங்கள்.

விசா இறங்கியதும் இலவசமாகக் கிடைக்கும். திரும்பி வரும் டிக்கெட்டும் விடுதிப் பதிவும் கையில் இருக்க வேண்டும். பயணத்துக்கு முந்திய 96 மணித்தியாலத்துக்குள் ‘இமுகா’ என்ற இணையப் படிவத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் காசில்லை, காசு கேட்கும் தளத்தில் நிரப்பாதீர்கள். அரச ஊழியர்கள் வெளிநாட்டு விடுமுறை அனுமதியை நேரத்தோடு எடுத்துவிடுங்கள். அதிபர், வலயக் கல்விப் பணிமனை என்று அது போய்வரக் கொஞ்ச நாள் எடுக்கும். ரிசோர்ட்டுக்குக் கடல் விமானத்தில் போகிறவர்கள் பகலில் போய் இறங்குங்கள். அது இரவில் பறக்காது; பிந்தினால் மாலேயில் ஓர் இரவுச் செலவு வரும்.

இனி எங்கள் தவறைச் சொல்ல வேண்டும். கல்முனையிலிருந்து இரவு பஸ், கட்டுநாயக்கவிலிருந்து ஒன்றரை மணித்தியாலப் பறப்பு, பிறகு மாலேயிலிருந்து சில டொலருக்கு அரச படகு. எல்லாவற்றையும் கொப்பியில் நிமிடக் கணக்கோடு எழுதினோம். அங்கே நம்மை விட அரை மணித்தியாலம் பின்னால் என்பதைக்கூட எழுதினோம். போய் இறங்கியது வெள்ளிக்கிழமை. எங்கள் வழியில் அன்று அரச படகு இல்லை. ஜும்ஆவுக்குக் கடையைச் சாத்தும் ஊரில் பிறந்து வளர்ந்த நாங்கள், ஒரு முஸ்லிம் நாட்டில் வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதை யோசிக்கவில்லை! வேகப் படகும் தொழுகைக்குப் பிறகுதான். ஓய்வுக்கென்று கூட்டிப்போன மனுசி துறைமுகத்தில் பேக்குகளுக்கு நடுவே மூன்று மணித்தியாலம் உட்கார்ந்திருந்தார். ஏசுவார் என்று நினைத்தோம். “பிள்ளைகளுக்குத்தானே நேரசூசி போடத் தெரியும்” என்று மட்டும் சொன்னார்.

தீவில் முதல் இரவு அலைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஆனாலும் இரண்டு மணிக்கு அறையில் லைட் எரிந்தது. டீச்சர் எழும்பி, நடு அறையில் நின்று கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் இரவும் அப்படித்தான். அன்று பிறகு நித்திரை வரவில்லை. வாசலில் கயிற்றுக் கதிரைகளில் உட்கார்ந்து சுப்ஹு வரை உம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஆறு மாதத்தில் இருவருமாக அவரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். காலையில் தேங்காய்ப்பூவும் மீனும் வெங்காயமும் பிசைந்த ‘மஸ் ஹுனி’யை ரொட்டியோடு வைத்தார்கள். “மாமிக்கு இது பிடிச்சிருக்கும்” என்று சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நம் சம்பலுக்குப் போடும் மாசி அந்த நாட்டிலிருந்துதானே காலங்காலமாக வருகிறது.

மூன்றாம் இரவு லைட் எரியவில்லை. சுப்ஹு பாங்குக்குத்தான் எழும்பினார். தொழுதுவிட்டுத் திரும்பவும் படுத்தவர், ஒன்பது மணி வரை அசையவில்லை. பதினொரு மணிக்குப் படகு. எழுப்ப எங்களுக்கு மனமே வரவில்லை.

ஆகவே போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. மூன்று இரவு போதாது. முதல் இரண்டு இரவும் உடம்பு தீவிலும் மனசு வீட்டிலும் இருக்கும். மீன் பார்க்கும் பயணம், பக்கத்துத் தீவுப் பயணம் என்று போடும் காசைக் குறைத்து இன்னும் இரண்டு இரவுக்கு அறை எடுங்கள். வெள்ளிக்கிழமை போய் இறங்காதீர்கள். மே முதல் ஒக்டோபர் வரை மழையும் கடற்கொந்தளிப்பும் கூட. அறை விலை குறைவு என்று அப்போது போனால், திரும்பும் விமானத்துக்கு முந்திய நாளே மாலேக்கு வந்துவிடுவது நல்லது.

உம்றாவைப் பற்றிக் கேட்ட சகோதரர்களுக்கு: உம்மாவின் பேரில் உம்றா செய்யும் நிய்யத் எங்களுக்கு இருக்கிறது, இன்ஷா அல்லாஹ். அது இபாதத், அதற்குத் தெம்போடு போக வேண்டும். நாலு வருடம் நித்திரை முழித்த ஒருவருக்கு முதலில் கொடுக்க வேண்டியது நித்திரை என்று எங்களுக்குத் தோன்றியது. உங்கள் வீட்டிலும் நோயாளியைப் பார்க்கும் ஒருவர் இருப்பார். மாலைதீவு வேண்டாம், ஓர் இரவாவது அவருடைய வேலையை நீங்கள் பாருங்கள்.

எங்கள் உம்மாவின் மஃபிரத்துக்காக துஆ செய்யுங்கள். செலவு விபரம் வேண்டியவர்கள் கேளுங்கள். கொப்பிப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புகிறோம். அந்த வெள்ளிக்கிழமையைச் சிவப்புப் பேனையால் திருத்தியிருக்கிறோம்.