ரேடியேட்டருக்கு மலைத்தண்ணீர்

அப்பா கணக்கு எழுதிய டேனரிக்கு வார லீவு வெள்ளிக்கிழமை. எங்கள் பள்ளிக்கூடத்துக்கு ஞாயிறு. வாணியம்பாடியில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரட்டை லீவு புதிதல்ல. முதலாளி நல்ல மனிதர். லூத்தரன் கோயிலுக்குப் போகிற கணக்கப்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் விட்டிருந்தார். அதனால் எங்கள் வீட்டுக் காருக்கு வெள்ளிக்கிழமை வைத்தியம், ஞாயிற்றுக்கிழமை பயணம் என்று ஓர் ஒழுங்கு தானாக அமைந்தது.

அது ஃபியட் 1100 டிலைட். முதலாளி அம்பாசடர் வாங்கியபோது இதை அப்பாவுக்கு மலிவாகக் கொடுத்துவிட்டு, பணத்தைச் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்துக்கொண்டார். ஸ்டியரிங்கோடு ஒட்டிய கியர், 1,089 சி.சி. இன்ஜின், டிக்கியில் எப்போதும் ஒரு மண்ணெண்ணெய் வாடை. புதுக் கார் கேட்டு எழுதிக் கொடுத்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம் அது. கையில் இருக்கும் வண்டியை எப்படியாவது ஓட வைப்பதுதான் ஒரே வழி. அதை அப்பா அலுப்போடு செய்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. ஜும்மா முடிந்து மெக்கானிக் பாய் சைக்கிளில் வரும்போது பானெட் ஏற்கெனவே திறந்திருக்கும். தரையில் விரித்த பழைய சாக்கின் மேல் ஸ்பானர்கள் சைஸ் வாரியாக வரிசையாகக் கிடக்கும்.

பாய் முதலில் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றுவார். பாயிண்டை நகத்தால் விலக்கிப் பார்ப்பார். ஒவ்வொரு முறையும் இதே பேச்சு.

"இன்னா சார், பாயிண்ட் இப்பிடி கருத்துப் போயிக்குது. இத்த வெச்சிக்கினு எப்பிடி மலை ஏறுவீங்க?"

"தேச்சா போதாதா பாய்?"

"தேச்சா இன்னும் ஒரு மாசம் ஓடும். அதுக்கப்புறம் வளைவுல நிப்பீங்க, நானு சைக்கிள்ல வரணும்."

சிரித்துக்கொண்டே உப்புத்தாளை மடித்துப் பாயிண்டுக்கு நடுவில் விட்டு இழுப்பார். இடைவெளி பதினைந்து தவ், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் பதினைந்து பங்கு, இருக்க வேண்டும். அளந்து பார்க்கும் தகடு அவரிடம் இருந்தது. ஆனாலும் கண்ணால் வைத்துவிட்டு, பிறகுதான் தகடை விட்டுப் பார்ப்பார். சரியாக உரசிக்கொண்டு போகும். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் செங்கல் நிறமாக இருக்க வேண்டும். கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் குறைவு. கார்புரேட்டர் திருகைக் கால் சுற்றுத் திருகி, இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே நிறுத்துவார். முன்சக்கர கிங் பின்னுக்கு கிரீஸ் அடிப்பது மட்டும் என் வேலை. கிரீஸ் கன்னை இரண்டு கையாலும் அமுக்கும்போது, பழைய கறுப்பு கிரீஸ் பிதுங்கி வந்து புது மஞ்சள் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை விடக்கூடாது.

தோல் ஊரில் கார் வைத்திருப்பதில் ஒரு தனிச் சௌகரியம் உண்டு. கண்ணாடி துடைக்க வெளியூர்க்காரர்கள் காசு கொடுத்துத் தேடுகிற ஷாமாய் தோல் எங்களுக்கு முழுசாகவே கிடைக்கும். ஆட்டுத்தோலின் உள்பக்கத்தைச் சீவியெடுத்து மீன் எண்ணெயில் பதப்படுத்தியது அது. கையில் எடுத்தால் கனமே தெரியாது. பாய் அதைப் பெட்ரோல் வடிகட்டவும் பயன்படுத்துவார். பீப்பாயில் வாங்கிய பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும் என்ற சந்தேகம் அந்த நாளில் எல்லாருக்கும் இருந்தது. புனலில் ஷாமாயைப் பரப்பி, கொஞ்சம் பெட்ரோலில் நனைத்துவிட்டு ஊற்றுவார். பெட்ரோல் இறங்கிவிடும். தண்ணீர் மட்டும் மேலேயே முத்து முத்தாக நிற்கும். "பாரு தம்பி, தோலுக்கு எல்லாம் தெரியும்" என்பார்.

ஆனால் அதே தோல்தான் எங்கள் தண்ணீரைக் கெடுத்தது. பச்சைத் தோல் அழுகாமலிருக்க உப்புப் போட்டு வரும். டேனரியில் முதல் வேலை அதை ஊறவைத்து உப்பை வெளியேற்றுவது. அந்த உப்புத் தண்ணீர் வாய்க்காலில் ஓடி, பாலாற்று மணலில் இறங்கி, எங்கள் கிணறுகளுக்கு வந்து சேர்ந்தது. ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுப் பதப்படுத்திய காலத்திலேயே உப்பு இருந்தது. குரோம் வந்து, மண்டிகள் பெருகி, ஏற்றுமதி ஏறிய பிறகு நிலைமை முற்றிவிட்டது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். அப்படி அடைத்த ஒரு ரேடியேட்டரைப் பாய் அறுத்துக் காட்டினார். தண்ணீர் ஓட வேண்டிய குழாயில் ஈர்க்குச்சிகூட நுழையவில்லை.

எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதனால்தான் ஏலகிரிக்கும் ஜவ்வாது மலைக்கும் போயின என்று இப்போது நினைக்கிறேன். நாங்கள் பிக்னிக் என்று சொல்லிக்கொண்டோம். டிக்கியில் புளிசாதத் தூக்கோடு கூடவே காலி கேன்களும் போகும். திரும்பும்போது தூக்கு காலி, கேன்கள் நிறைந்திருக்கும். நல்ல தண்ணீர் தேடித்தான் போயிருக்கிறோம்.

பொன்னேரியிலிருந்து ஏலகிரிக்கு ஏறும் பாதையில் 14 கொண்டை ஊசி வளைவுகள். இப்போது அவற்றுக்குப் புலவர்கள் பெயரும் வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எங்கே நின்றோம் என்பதை வைத்து அடையாளம் சொல்வோம். வெயில் நாளில் பாதி மலையில் ஃபியட் ஒரு செருமு செருமி நின்றுவிடும். இன்ஜின் சூட்டில் பம்ப்புக்குள் பெட்ரோல் ஆவியாகிவிட்டால் பம்ப் இழுக்காது. அப்பா அலட்டிக்கொள்ள மாட்டார். பின்சக்கரத்துக்குக் கல் வைப்பது அண்ணன் வேலை. அம்மா தயாராக வைத்திருக்கும் துணியை நனைத்துப் பம்ப்பின் மேல் சுற்றுவார். பானெட்டைத் திறந்தபடி பாறை நிழலில் எல்லாரும் உட்காருவோம். கீழே ஜோலார்பேட்டை ஜங்ஷனும் தண்டவாளங்களும் தெரியும். பெங்களூர் கன்டோன்மென்ட்டிலிருந்து ஜோலார்பேட்டைக்கு 1864லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்பதை அப்பா அந்தப் பாறை நிழலில்தான் சொன்னார். மேலே அத்தனாவூரில் ஒரு வீட்டுக் கிணற்றில் கேட்டு நிரப்பிக்கொள்வோம். அந்தத் தண்ணீரின் ருசி பற்றி அம்மா திரும்பும் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருவார்.

காவலூருக்குச் சனிக்கிழமை சாயங்காலம் கிளம்ப வேண்டும். ஆலங்காயம் தாண்டி ஜவ்வாது மலைக் காட்டுக்குள் வானியலாளர் வைணு பாப்பு அமைத்த வானாய்வகம் அங்கேதான். யுரேனஸுக்கு வளையம் உண்டு என்று உலகம் கண்டுகொண்ட 1977ஆம் வருட அவதானிப்பில் அந்தக் காட்டிலிருந்த ஒரு மீட்டர் தொலைநோக்கிக்கும் பங்கு உண்டு. 1986 ஜனவரி 6 அன்று 2.3 மீட்டர் தொலைநோக்கியை ராஜீவ் காந்தி திறந்து வைத்தார். பொதுமக்களுக்குக் காட்டியது சின்னத் தொலைநோக்கியில்தான். சனிக் கிரகத்தின் வளையத்தை அதில் பார்த்த அப்பா கொஞ்ச நேரம் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் வரிசை நின்றது. அந்தப் பாதையில் போலீஸ் சோதனையும் உண்டு. 1981ல் எம்.ஜி.ஆர். அரசு திறந்த கள்ளு, சாராயக் கடைகளை 1987 ஜனவரி 1 முதல் மூடிவிட்டார்கள். பிறகு மலையிலிருந்து லாரி டியூபில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. ஒரு ராத்திரி கான்ஸ்டபிள் ஒருவர் எங்கள் கேனைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கொஞ்சம் ஊற்றி வாயிலும் வைத்தார். "தண்ணிதான். நல்லா இருக்கு" என்று இன்னொரு மடக்கு குடித்துவிட்டு மூடிக் கொடுத்தார்.

மலைத்தண்ணீரில் ஒரு கேன் பெரியம்மாவுக்கு. பெரியப்பா ரயில்வேயில் கார்டு; ஜோலார்பேட்டை காலனியில் வீடு. பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டியிடம் பெரியம்மா திராட்சை ஒயின் போடக் கற்றுக்கொண்டார். டிசம்பர் பிறந்ததும் ஊறுகாய் ஜாடி காலியாகும். கழுவி, வெயிலில் காயவைத்து, உள்ளே துளி ஈரமில்லாமல் துடைத்த பிறகுதான் அதைக் கிட்டே கொண்டுவருவார். இரண்டு கிலோ கறுப்புத் திராட்சை, அதே அளவு சர்க்கரை, ஒரு கைப்பிடி கோதுமை, பட்டை, கிராம்பு, பேக்கரியில் வாங்கிய ஈஸ்ட். தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றித்தான் ஊற்றுவார். "கொதிச்சா கிருமி போவும், உப்பு போவுமா?" என்று கேட்டுத்தான் கேனை வாங்கினார். முதல் வருடம் காலனித் தண்ணீரில் போட்டது மந்தமாகப் புளித்து, குடித்தால் நாக்கில் கரிப்பு நின்றதாம்.

ஜாடியின் வாயில் மல்துணி கட்டி அரிசி மூட்டைக்குப் பின்னால் வைப்பார். மூடியை இறுக்கினால் வெடிக்கும். இரண்டாம் நாளிலிருந்து காதை வைத்துக் கேட்டால் உள்ளே சன்னமாகச் சத்தம் கேட்கும். தினமும் சாயங்காலம் மேலே மிதக்கிற தோலை மரக்கரண்டியால் அமுக்கிக் கிண்ட வேண்டும், அதுவும் ஒரே பக்கமாக. "டேய், ஜாடிமேல மூச்சு வுடாத" என்று எங்களைத் துரத்துவார். 21ஆம் நாள் வடிகட்டி, சர்க்கரையைக் கருக்கி நிறம் ஏற்றி, முட்டை வெள்ளைக்கருவை அடித்து ஊற்றித் தெளிய விடுவார். பெரியவர்களுக்கு ஆளுக்கு ஒரு சின்ன கிளாஸ். எங்களுக்கு இஞ்சி ஒயின். அதில் போதை கிடையாது, எலுமிச்சையும் மிளகாயும் தொண்டையைப் பிடிக்கும். அந்த ஆன்ட்டி வீட்டார் பிறகு ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். காலனியில் ஒவ்வொரு வருடமும் ஒரு வீடு இப்படிக் காலியானது.

1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோல் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ கெட்டுவிட்டதாக அந்தத் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. வட ஆற்காடு உட்பட ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். அப்பா வேலை செய்த இடத்தில் அந்தப் பத்தாயிரத்தைக் கணக்கில் எழுதியது அப்பாதான். வீட்டுக்கு வந்து அதைச் சொன்னார், வேறெதுவும் சொல்லவில்லை. எங்கள் படிப்பு, அந்தக் கார், ஞாயிற்றுக்கிழமைப் புளிசாதம் எல்லாமே அந்தச் சம்பளத்தில் வந்தவை. டேனரிகளைத் திட்டும்போது இதை மறைத்துப் பேசுவது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஆற்றைத் தின்றுதான் வளர்ந்தோம் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபியட் அப்பாவுக்கு முன்னால் போனது. பாய் புளியமரத்தடியில் கடை போட்டிருந்தார். நெடுஞ்சாலையை அகலப்படுத்தியபோது இரண்டு பக்கப் புளியமரங்களும் போயின, கடையும் போயிற்று. அவர் மகன் இப்போது கம்ப்யூட்டரைக் காரில் செருகிக் கோளாறு பார்க்கிறார். வேலை தெரிந்த பிள்ளைதான். ஆனால் ரேடியேட்டரில் பச்சை நிறக் கூலன்ட் இருக்கிறது, எந்த ஊர்த் தண்ணீர் என்ற கேள்வியே அவருக்குத் தேவைப்படுவதில்லை.

2019 ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் சென்னைக்கு ரயிலேறியது. எங்கள் பகுதியில் இவ்வளவு தண்ணீரா என்று சென்னை நண்பர்கள் போன் செய்தார்கள். அது காவிரித் தண்ணீர் என்றும், பாலாற்றங்கரையில் இருக்கிற நாங்களே காவிரியைத்தான் குடிக்கிறோம் என்றும் விளக்க வேண்டியிருந்தது.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டது. 1903 நவம்பர் வெள்ளம் வாணியம்பாடியை வாரிக்கொண்டு போன கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள், அதற்குப் பிறகு இப்படியொரு வெள்ளம் இல்லை என்றார்கள். எங்கள் கிணறு கைக்கு எட்டும் அளவுக்கு நிறைந்தது. தங்கை வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, பெரியம்மாவின் ஜாடியை இறக்கச் சொன்னாள். கிறிஸ்துமஸுக்குள் ஒயின் தயார். கரிப்பே இல்லை. அடுத்த கோடையில் உப்பு பழையபடி ஏறிவிட்டது. 2022ல் கேன் தண்ணீரில்தான் போட்டாள்.

2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே பாலாற்றுக்காக மறுபடியும் உத்தரவு போட்டிருக்கிறது. பாதிக்கப்பட்டவர்களுக்கு நஷ்ட ஈடும், ஆற்றைச் சீர்செய்வதைப் பார்த்துக்கொள்ள ஒரு குழுவும் அதில் உண்டு. கிணற்றை நாங்கள் மூடவில்லை. குழு எங்கள் தெருவுக்கு வந்தால், எந்த மாதத்தில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று தங்கை சொல்வாள்.